ஓக் மரத்துக்கு ஊற்றிய எண்ணெய்

அன்று பின்வளவில் நின்றவர்கள் ஐந்து பேர். அன்ரி, அன்ரியின் மகள், துணியும் கறுப்பு மெழுகும் கொண்டுவந்த ஓவியர், அவர் கூட்டிவந்த மரவைத்தியர், நான். மகளின் வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளை இருந்தது. அதையும் சேர்த்தால் ஆறு. வேலிக்கு அந்தப் பக்கம் சீனக் கிழவர் ஒருவர் தன் வெங்காயத்தாருக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் மட்டுமட்டு என்பதால் அவரை நான் கணக்கில் எடுப்பதில்லை. யார் யார் நின்றார்கள், யார் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்பதை பஸ்ஸில் போகும்போதும் பாத்திரம் கழுவும்போதும் எத்தனையோ தரம் எண்ணிப் பார்த்திருக்கிறேன். யாருக்கு எவ்வளவு தெரியும் என்று அறிந்து வைத்திருப்பது பயந்த ஆட்களுக்கு ஒரு தொழில் மாதிரி. மே மாதம், புதன்கிழமை, பின்னேரம் மூன்று மணியிருக்கும். என் சப்பாத்துக்குள் மண் போயிருந்தது. என்ன உணர்ந்தேன் என்று கேட்டால் அந்த மண்ணைத்தான் சொல்ல முடிகிறது.

எங்களுக்கு நடுவில் அந்த மரம் நின்றது. மூன்று பேர் கைகோத்தாலும் சுற்றிப் பிடிக்க முடியாத அடி. கனடாவில் நாங்கள் இருந்த இந்த அஜின்கோர்ட்டில் வீடுகள் வருவதற்கு முன்னம், தோட்டங்கள் வருவதற்கும் முன்னம் இருந்த காட்டில் மிச்சமானது என்று ஓவியர் சொல்லியிருந்தார். அயலில் எல்லா மரமும் பச்சைபிடித்து நின்ற அந்த மாதத்தில் இதன் உச்சி மட்டும் மொட்டையாக இருந்தது. நான் அந்த வளவில் எட்டு வருடம் வேலை செய்திருந்தேன். உச்சியை அண்ணாந்து பார்த்தது அன்றுதான்.

அன்ரி என்று நான் சொல்வது எனக்கு வேலை தந்தவரை. சொந்தமில்லை. அவருடைய கராஜில் கார் நின்றதை ஒருவரும் கண்டதில்லை. உள்ளே இரண்டு புறொப்பேன் அடுப்பு, இரண்டு பெரிய தாச்சி, நீட்டு மேசை, மூன்று பிறீசர். வடை, றோல்ஸ், கட்லற், பற்றிஸ். பிறந்தநாள், சாமத்தியவீடு, செத்தவீடு எதுவென்றாலும் ஸ்காபரோவில் பாதிப் பேருக்கு அன்ரியின் தொலைபேசி எண் மனப்பாடம். அங்கிள் இறந்தபோது வீட்டுக் கடன் இன்னும் பதினாறு வருடம் இருந்ததாம். அதை றோல்ஸாலேயே கட்டி முடித்ததாக அன்ரி சொல்லுவார். நைற்றிக்கு மேல் அங்கிளின் குளிர் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு, காதுக்கும் தோளுக்கும் இடையில் போனை இடுக்கிக்கொண்டு, நூற்றைம்பது வடை, எண்பது கட்லற், இருநூறு றோல்ஸ் என்று எல்லாவற்றையும் தலைக்குள்ளேயே பதிவார். ஒரு நாளும் பிழைத்ததில்லை.

எனக்கு ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. முதலில் எங்கள் பள்ளிக்கூடத்தில் அகதிகள் வந்து இருந்தார்கள். பிறகு நாங்களே அகதிகளாகப் போய் வேறொரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். அதோடு புத்தகம் முடிந்தது. கனடாவுக்கு வந்து மில்லிக்கனில் ஒரு பேஸ்மென்றில் இருந்துகொண்டு, கையில் காசு தரும் வேலை தேடியபோது அன்ரி என் கையைத் திருப்பிப் பார்த்தார். "சூடு பட்ட கை. வா பிள்ளை," என்றார். அதுதான் நேர்முகத் தேர்வு.

நான் எல்லாவற்றுக்கும் பயப்படுவேன் என்பதை அன்ரி முதல் கிழமையே கண்டுபிடித்துவிட்டார். புரட்டாதியில் அந்த மரத்தின் கொட்டைகள் கராஜ் கூரையில் விழும். டொக், டொக் என்று யாரோ கதவில் தட்டுவது போலிருக்கும். ஒவ்வொரு தரமும் நான் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கதவைப் பார்ப்பேன்.

"சிற்றிக்காரன் வந்திட்டான் பிள்ளை. ஓடிப்போய் பிறீசருக்குள்ள ஒளி."

"பகிடி விடாதேங்கோ அன்ரி. ஒருநாளைக்கு உண்மையாத்தான் வருவாங்கள்."

"வந்தா ரெண்டு றோல்ஸ் குடுப்பம். திண்டவன் ஒருத்தனும் இண்டைவரைக்கும் எழுதிக்கொண்டு போனதில்லை."

அப்படிச் சொன்னாலும் அவருக்கும் அந்த ஒரு பயம் இருந்தது. வீட்டுக் கராஜில் வைத்துச் சமைத்து விற்க அனுமதி இல்லை. சிற்றி, அதுதான் நகரசபை, என்ற சொல்லை அவர் பகிடியாகத்தான் சொல்லுவார், ஆனால் சொல்லும்போது ஒருதரம் தெருப்பக்கம் பார்ப்பார்.

பொரித்து முடிந்த எண்ணெய்தான் பெரிய பிரச்சினை. ஒருதரம் சிங்கில் ஊற்றிக் குழாய் அடைத்து, பிளம்பர் வந்து, அவன் கராஜ் முழுவதையும் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு சிங்கில் ஊற்றக்கூடாது. குப்பை வாளியில் வைத்தால் வழியும். வழிந்தால் குப்பைக்காரர் பார்ப்பார்கள். தெருக் கானில் ஊற்றினால் பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பார்கள். "மரத்துக்குப் பின்னால ஊத்து. மண்ணில இருந்து வந்தது மண்ணுக்குப் போகட்டும்," என்றார் அன்ரி. மரம் அவ்வளவு பெரிது, அதற்குப் பின்னால் நின்றால் எந்த வீட்டு யன்னலில் இருந்தும் ஆளைத் தெரியாது. சனிக்கிழமைதோறும் கடைசி வேலை அது. ஊற்றியது நான்.

மாரியில் எண்ணெய் ஆறும்வரைக்கும் நான் நிற்பதில்லை. கடைசி பஸ் போய்விடும் என்ற பயம். வெள்ளைச் சினோப் பனியில் சூட்டோடு ஊற்றினால் அது சத்தமில்லாமல் ஒரு குழியாக உள்ளே இறங்கிப் போகும். குழிக்குள்ளிருந்து ஆவியும் உழுந்தும் பெருஞ்சீரகமுமாக ஒரு வாசம் வரும். அணில்கள் வந்து விளிம்பை நக்கும். கோடையில் பார்த்தால் அந்த இடத்தில் புல் இருக்காது, தார் போட்டது மாதிரி ஒரு தட்டு இருக்கும். நான் அதைக் காலால் கிளறி, மேலே சருகைத் தள்ளிவிடுவேன். மரத்துக்கு என்ன ஆகும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. எதற்கெல்லாமோ பயந்த நான் அதற்குப் பயப்படவில்லை. அது எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம்.

ஓவியரின் கடிதம் ஒரு பங்குனி மாதம் தபால்பெட்டியில் கிடந்தது. உறையில் ஆங்கிலத்தில் வீட்டு விலாசம் மட்டும் இருந்ததால், சிற்றி என்று நினைத்து அன்ரி அதை மூன்று நாள் பிரிக்காமல் அரிசிப் பேணிக்குள் வைத்திருந்தார். ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கிப் போயிருந்த மகள் ஞாயிற்றுக்கிழமை வந்து வாசித்தபிறகுதான் மூச்சு வந்தது. நகரத்தின் வீட்டு வளவுகளில் மிஞ்சியிருக்கும் பழைய ஓக் மரங்களை ஒரு பெண் துணியில் பதிவெடுக்கிறார். மரத்தோடு வாழ்ந்தவர்களின் ஞாபகங்களையும் கேட்டு எழுதுகிறார். உங்கள் மரத்தையும் பதிவெடுக்கலாமா என்று கேட்டிருந்தார்.

"மரத்தைத் தடவிக்கொண்டு போக வாறாவாம். தடவட்டும். கராஜ் கதவைச் சாத்தி வை," என்றார் அன்ரி.

மரத்துக்கு ஓக் என்று பெயர் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

ஓவியர் அறுபது வயதுக்காரி. ஏணியில் நின்று நீளமான வெள்ளைத் துணியை மரத்தைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். சவர்க்காரக் கட்டி போன்ற ஒரு கறுப்பு மெழுகால் மேலிருந்து கீழே மெதுவாகத் தேய்த்துக்கொண்டு வந்தார். தேய்க்கத் தேய்க்க மரத்தின் தோல் துணியில் ஏறியது. வெடிப்பு, முடிச்சு, எப்போதோ ஒரு கிளை முறிந்து ஆறிய வடு, ஒன்றும் விடாமல். கராஜின் பக்கக் கதவை விரல் அளவு திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். மாவில் கையை வைத்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அன்ரி வந்து, "மா புளிக்கப்போகுது," என்றார். பிறகு அவரும் என் தலைக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

வந்த முதல் இரண்டு தரமும் ஓவியர் அன்ரியிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். இந்த மரத்தோடு உங்களுக்கு என்ன ஞாபகம்? மகள்தான் மொழிபெயர்ப்பாள். அன்ரியிடம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. "மரம் நிக்குது. நாங்கள் வேலை செய்யிறம். வேறென்ன?" மகளுக்கு அது வெட்கமாக இருந்தது. "அம்மா, ஏதாவது சொல்லுங்கோ, பிளீஸ். மற்ற வீடுகளில ஊஞ்சல் கட்டினது, கல்யாணம் கட்டினது எண்டெல்லாம் சொல்லியிருக்கினம்," என்றாள். "நான் என்ன மரத்தையே கட்டினனான்?" என்று அன்ரி கேட்டார். மகள் அதை மொழிபெயர்க்கவில்லை.

மூன்றாம் தரம்தான் நான் சொல்லவந்த அந்தப் புதன்கிழமை. உச்சி காய்வதைக் கண்டுவிட்டு ஓவியர் தன் செலவில் ஒரு மரவைத்தியரைக் கூட்டிவந்திருந்தார். உயரமான மனிதர், குறைவாகப் பேசினார். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றியவர் பின்பக்கத்தில் நின்றுவிட்டார். முழந்தாளிட்டுச் சருகை ஒதுக்கினார். ஒரு இரும்புக் குழாயை மண்ணுக்குள் இறக்கி எடுத்து, வந்த மண்ணை விரலால் பிசைந்து மூக்கில் வைத்தார். பிறகு எங்களை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். மகள் திருப்பிச் சொன்னாள்: "இதில ஏதாவது ஊத்தினவையோ எண்டு கேக்கிறார் அம்மா."

அன்ரி என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். நான் வேலிப்பக்கம் பார்த்தேன். பிறகு அன்ரி, தொலைபேசியில் ஓடர் எடுக்கும் அதே நிதானமான குரலில் சொன்னார்:

"எங்கட ஆக்கள் பழைய மரத்துக்கு எண்ணெய் வைக்கிறவை. மரத்தடியில வைரவர் இருப்பார். அவருக்கு வடைமாலை, மரத்துக்கு எண்ணெய். வெள்ளிக்கிழமையில ஒரு கரண்டி நல்லெண்ணெய். இந்த மரம் எங்களுக்கு முதல் இங்கை வந்த ஆள். அதுதான்."

வைரவருக்கு வடைமாலை சாத்துவது உண்மை. சாமிக்கு எண்ணெய்க்காப்பும் உண்மை. மிச்சமெல்லாம் அந்த இடத்திலேயே பிசைந்து தட்டிப் பொரித்தது. மகள் அம்மாவைப் பார்த்தபடி நின்றாள். கண்கலங்கியதோ என்றுகூட நினைத்தேன். பிறகு அவள் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள். அம்மா சொன்னதைவிட அது நீளமாக இருந்தது. ஓவியர் கொப்பியைத் திறந்து முழுவதையும் எழுதினார்.

மரவைத்தியர் எழுதவில்லை. ஒரு கரண்டி இப்படிச் செய்யாது என்றார். இது கன காலமாக, கனக்க ஊற்றப்பட்டது. மண்ணுக்குள் காற்றும் போகவில்லை, தண்ணீரும் போகவில்லை, வேர் மூச்சில்லாமல் கிடக்கிறது. என்ன ஊற்றினது, எவ்வளவு, எதுவரைக்கும் பரவியிருக்கும் என்று தெரிந்தால் இந்தக் கிழமையே காற்றால் மண்ணை ஊதிக் கிளப்பி எடுத்துப் புது மண் போடலாம். அப்படிச் செய்தால் இது இன்னும் நூறு வருடம் நிற்கக்கூடிய மரம். சும்மா ஊகத்தில் வேரைத் திறக்க மாட்டேன், அது மரத்தையே கொன்றுவிடும். இலையுதிர்காலம் வந்தால் பிறகு ஒன்றும் செய்ய இயலாது. இவ்வளவையும் மகள் தமிழில் சொன்னாள். எனக்கு அதற்கு முன்னமே பாதி விளங்கிவிட்டது. மரவைத்தியர் என்னைப் பார்த்து, உங்களுக்கு ஏதும் தெரியுமா என்று கேட்டார். அந்த ஆங்கிலம் எனக்கு நன்றாக விளங்கியது.

"நோ சேர்," என்றேன்.

எனக்குப் பேப்பர் எல்லாம் சரிவந்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. என்னை ஒருவரும் எங்கும் அனுப்பியிருக்க முடியாது. அதிகம் போனால் அன்ரிக்கு ஒரு தண்டம், எனக்கு வேறொரு வேலை. அதைப் பிறகு எத்தனையோ தரம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். அந்த நேரத்தில் கணக்கு வரவில்லை. வாயில் வந்தது அந்த இரண்டு சொல்தான்.

அவர்கள் போனபிறகு கராஜில் நாங்கள் இருவரும் உருளைக்கிழங்கு உரித்தோம். 

"ஒரு கரண்டியெண்டு சொல்லிப்போட்டியள் அன்ரி."

"பின்னை? தாச்சிக் கணக்கிலயெண்டு சொல்லச் சொல்லுறியோ?"

"மரம் செத்துப்போமாம்."

"கேட்டது." ஒரு கிழங்கை முழுதாக உரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "மகளின்ர முகத்தைப் பார்த்தனியோ? நான் அவளுக்கு ஏபிசிடியும் சொல்லிக் குடுக்கேல்லை, தேவாரமும் சொல்லிக் குடுக்கேல்லை. எந்த நேரமும் இதுக்குள்ளதான் நிண்டனான். இண்டைக்குத்தான் அவள் என்னை அப்பிடிப் பார்த்தவள். இனிப் போய் அது பொய்யெண்டு சொல்லச் சொல்லு."

நான் சொல்லச் சொல்லவில்லை. அடுத்த கிழமை அன்ரி ஒரு நீல பிளாஸ்ரிக் பீப்பா வாங்கினார். மாதம் ஒருதரம் ஒருவன் வந்து பழைய எண்ணெயை எடுத்துக்கொண்டு போனான். அவ்வளவு இலகுவான காரியம். எட்டு வருடமாக எங்களுக்கு அது தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை மகள் ஸ்ரௌவ்வில்லில் இருந்து அரைமணி நேரம் கார் ஓட்டி வந்தாள், எண்ணெய் வைப்பதைப் பார்க்க. அன்ரி அலுமாரிக்கு மேலிருந்த நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்து, ஒரு வெள்ளிக் கரண்டியைக் கழுவித் துடைத்து, முகம் கழுவித் திருநீறு பூசிக்கொண்டு போய் மரத்தடியில் ஒரு கரண்டி விட்டார். எந்தப் பக்கத்தில் விடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கிழக்குப் பக்கம் எது என்று என்னிடம் கேட்டார். பிறகு அது எல்லா வெள்ளியும் நடந்தது.

இலையுதிர்காலத்தில் ஒரு நூலகத்தின் மண்டபத்தில் கண்காட்சி வைத்தார்கள். கூரையிலிருந்து பதினொரு துணிகள் தொங்கின. எங்களுடையது நடுவில். காற்றோட்டத்தில் அது மெதுவாக அசைந்தது. ஆள் உரித்துவிட்டுப் போன தோல் மாதிரி இருந்தது. கீழே ஒரு பலகையில் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியிருந்தார்கள்: இந்தக் குடும்பம் தங்கள் மரபுப்படி, தங்களுக்கு முன் இந்த மண்ணுக்கு வந்தவருக்கு வெள்ளிக்கிழமைகளில் ஒரு கரண்டி நல்லெண்ணெய் வைக்கிறது. எங்கள் ஆட்கள் நாற்பது, ஐம்பது பேர் வந்திருந்தார்கள். அவர்களுக்கு றோல்ஸ் பொரித்துக் கொண்டுபோனதும் நாங்கள்தான்.

ஒரு வயதானவர், கோட் போட்டவர், பலகையை இரண்டுதரம் வாசித்துவிட்டு அன்ரியிடம் வந்தார். "எங்கட பக்கத்திலயும் இருந்தது தங்கச்சி. நான் சின்னனில கண்டிருக்கிறன். மறந்துபோனன், நீங்கள் விடாமல் செய்யிறியள்," என்றார். இன்னொரு பெண் தன் தாய் புளியமரத்துக்கு அப்படி வைத்ததாகச் சொன்னார். மூன்றாவது ஆள் நல்லெண்ணெய் இல்லை, இலுப்பெண்ணெய்தான் வைக்கவேணும் என்று அன்ரியைத் திருத்தினார். நான் றோல்ஸ் தட்டோடு சுவர்ப்பக்கமாக நின்றேன். சிரிப்பு வரவேண்டும், அல்லது அழுகை வரவேண்டும். தட்டு கனத்தது, அவ்வளவுதான்.

திரும்பும்போது காரில் மகள் ஓட்ட, அன்ரி முன்னால் இருந்தார். மக்கோவன் வீதியில் பெற்றோல் அடிக்க மகள் இறங்கியபோது என் பக்கம் திரும்பி மெல்லக் கேட்டார்: "ஏன் பிள்ளை, உண்மையாவே எங்கயும் இருந்திருக்குமோ?"

"தெரியேல்லை அன்ரி."

"இருந்திருக்கும். எனக்கு எங்கயிருந்தோதானே வாயில வந்தது."

அடுத்த வருடம் பாதி மரம்தான் துளிர்த்தது. அதற்கடுத்த மாரியில் அன்ரி போய்விட்டார். காலையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பிறீசரில் சாய்ந்தார். அம்புலன்ஸ்காரர் வந்து கராஜ் முழுவதையும் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் அழவில்லை. அந்தக் கிழமை எண்பது பேருக்கு ஒரு பிறந்தநாள் ஓடர் இருந்தது. அதைப் பொரித்துக் கொடுத்தேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கும் வடை நான்தான் சுட்டேன். எல்லோரும் அன்ரியின் கை மாதிரியே இருக்கிறது என்றார்கள். அன்று மத்தியானம் சனம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பின்வளவுக்குப் போய் மரத்தைப் பார்த்தேன். அந்தச் சித்திரையில் அது ஒரு இலைகூட விடவில்லை.

சிற்றி வந்தது, கடைசியில். கராஜைப் பார்க்க இல்லை; மரத்தைப் பார்க்க. காய்ந்த மரம் வீட்டின் மேல் விழும் என்று வெட்ட அனுமதி கொடுத்துவிட்டுப் போனார்கள். இரண்டு நாள் வெட்டினார்கள். மகள் அந்த வீட்டை விற்கவில்லை. புருசன், பிள்ளையோடு ஸ்ரௌவ்வில்லை விட்டுத் திரும்பி வந்திருந்தாள். கராஜை நான் நடத்தலாம் என்று சொன்னாள். இப்போது அனுமதியெடுத்து, ஒரு பிளாசாவில் சின்ன இடம் பார்த்திருக்கிறோம். வெட்டின அடி ஒரு மேசை அளவு. அதில் அவள் வெள்ளிக்கிழமைகளில் ஒரு கரண்டி விடுகிறாள். மூன்று வயதுப் பிள்ளை பக்கத்தில் நின்று கைகூப்பும். அம்மம்மாவின் மரம் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

பிள்ளை கைகூப்பியதை முதல்தரம் கண்ட அன்று நான் சொல்லிவிட்டேன். தைரியம் வந்து சொன்னதல்ல. சொல்லாமல் இருப்பதும் களைத்துவிட்டது.

"மரத்தைச் சாக்காட்டினது நான்தான் தங்கச்சி. பொரிச்ச எண்ணெய். எல்லாச் சனியும் ஊத்தினனான்."

அவள் கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"தெரியும் அக்கா."

"அன்ரி சொன்னவவோ?"

"இல்லை. அண்டைக்கே தெரியும். அவர் மண்ணைக் கிளறேக்கை வடை மணந்தது. நான் அந்த மணத்துக்குள்ள வளர்ந்தனான்." பிள்ளையை ஒருதரம் பார்த்தாள். "அம்மா பொய்தான் சொன்னவா. ஆனா எனக்கு, ஃபோர் த ஃபேர்ஸ்ற் ரைம், ஏதோ ஒண்டைச் சொல்லித் தந்தவா. அதைப் போய் பொய்யெண்டு நான் எப்பிடி இங்கிலீசில சொல்லுறது? மரம் அவ்வளவு கெதியில சாகாது எண்டு நினைச்சிட்டன்."

அன்று நின்றவர்களில் உண்மை தெரிந்தவர்கள் இரண்டு பேர் என்று அவ்வளவு காலமும் எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று பேர். மூன்று பேருக்கும் நடுவில் அந்த மரவைத்தியர் முழந்தாளிட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வரவில்லை. பாரம் குறைந்ததாகவும் இல்லை.

"துணியில பதிவெடுத்தவவுக்குச் சொல்லவேணுமெண்டா சொல்லுங்கோ," என்றாள். "நான் மொழிபெயர்க்கிறன். இந்த முறை உள்ளது உள்ளபடி."

போன மாதம் ஓவியர் வந்தார். பதினொரு துணிகளும் ஒரு கட்டடத்தில் நிரந்தரமாகத் தொங்கப் போகின்றனவாம். எங்கள் மரம் போய்விட்டதால் அதன் அடியையும் ஒரு பதிவெடுக்க வேண்டும் என்றார். வெட்டுமுகத்தில் துணியை விரித்துத் தேய்த்தார். வளையம் வளையமாக ஏறியது. தேய்த்து முடிந்து அவர் கையைத் துடைக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நான் தொடங்கினேன். ஒவ்வொரு வசனமாகச் சொன்னேன். மகள் ஒவ்வொரு வசனமாக ஆங்கிலத்தில் சொன்னாள். சரியாகச் சொல்கிறாளா என்று காதைக் கூர்மையாக வைத்துக் கேட்டேன். கராஜ் என்றாள், வடை என்றாள், சனிக்கிழமை என்றாள். நான் மரவைத்தியருக்குச் சொன்ன அந்த "நோ சேர்" என்பதையும் சொன்னாள்.

ஓவியர் கன நேரம் அந்த அடியில் கையை வைத்தபடி இருந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: பழைய பலகையைக் கழற்றிவிடவா?

மகள் அதை எனக்குத் தமிழில் சொன்னாள். சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தாள். பிள்ளை வெட்டின அடியில் ஏறி நின்று குதித்துக்கொண்டிருந்தது.

"அன்ரி சொன்னது அப்பிடியே இருக்கட்டும்," என்றேன். "அதுக்குக் கீழை இன்னொரு வரி போடச் சொல்லும்."

என்ன வரி என்று ஓவியர் கொப்பியைத் திறந்தார். கணக்கை நான் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் படிப்புக்கு அது போதும். ஒரு சனிக்கிழமைக்கு ஆறு லீற்றர். வருடத்துக்கு ஐம்பது சனி என்று வையுங்கள், இரண்டு கிழமை அன்ரி கோயில் திருவிழாவுக்கு அடுப்பு மூட்டமாட்டார். எட்டு வருடம். மகள் ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, அவர் எழுதினார். இரண்டாயிரத்து நானூறு லீற்றர்.